பெரியப்பான்ர துவக்கை வேற ஸ்டேட் ஆளுக்கு விக்கலாமோ? தம்பி ஸ்டூடன்ட் விசாவில நிக்கிறான், கெதியாச் சொல்லுங்கோ

கந்தரோடை நிலா:

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன், விசயம் நடக்கிறது அமெரிக்காவில. இஞ்ச ஆரிட்டக் கேட்டாலும் ஆளுக்கொரு கதை சொல்லுகினம், அங்க இருக்கிற ஆக்கள் ஆராவது வடிவாத் தெரிஞ்சால் சொல்லுங்கோ.

என்ர பெரியப்பா பென்சில்வேனியாவில 30 வருசத்துக்கு மேல இருந்தவர், போன வருசம் மோசம் போயிட்டார். அங்க தன்னோட வேலை செய்த வெள்ளைக்காரரோட சேர்ந்து மான் வேட்டை பழகினவர். நவம்பர் கடைசி வந்தால் அந்தச் செம்மஞ்சள் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு விடியக் காலமை நாலு மணிக்கே வெளிக்கிட்டிடுவார், பெரியம்மா எங்கட தூளைப் போட்டு இறைச்சி காய்ச்சி வீடியோ கோலில எங்களுக்குக் காட்டுவா. இப்ப வாற மாசம் ஆட்டைத்திவசம். அது முடிய பெரியம்மா வீட்டை வித்திட்டு டெக்சஸில இருக்கிற அண்ணாவோட போய் இருக்கப் போறா. அதால வீட்டைத் துப்பரவாக்கிக்கொண்டு இருக்கினம்.

கீழ் அறையில ஒரு இரும்பு அலுமாரிக்க பெரியப்பான்ர சொட்கன் ஒண்டும் ஒரு பிஸ்டலும் ரெண்டு பெட்டி ரவையும் கிடக்கு. எல்லாம் அவர் முறையா வாங்கினதுதான், எல்லாச் சொத்தும் பெரியம்மாவுக்கு எண்டு உயிலும் எழுதி வச்சிட்டுத்தான் போனவர். பெரியப்பான்ர கூட்டாளி ஒருத்தர் நியூ ஜெர்சியில இருக்கிறார், நல்ல மனுசன், எங்கட ஊர்ப்பக்கம்தான், ரெண்டையும் 600 டொலருக்குத் தான் எடுக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறார். அவருக்கு இப்பதான் கண் ஒப்பரேசன் செய்தது, கார் ஓட ஏலாது. என்ர தம்பி நியூயோர்க் பக்கம் யூனிவர்சிட்டியில மாஸ்டர்ஸ் படிக்கிறான், சனி ஞாயிறில பெரியம்மாவுக்கு உதவிக்குப் போறவன். பெரியம்மா அவனிட்டச் சொல்லியிருக்கிறா, "தம்பி, பெரியப்பான்ர காரிலயே டிக்கிக்க வச்சுக் கொண்டுபோய் அவரிட்டக் குடுத்திட்டு வா, ஒண்டரை மணித்தியால ஓட்டம்தானே" எண்டு. அவனும் ஓம் எண்டிட்டான். வாற சனிக்கிழமை போறதா இருக்கு.

எனக்கு என்னவோ மனம் கேக்கேல்ல. பக்கத்து வீட்டு அண்ணை சொல்லுறார், அமெரிக்காவில துவக்கு எண்டால் இஞ்ச சந்தையில தேங்காய் விக்கிற மாதிரி, ஒருத்தரும் கேக்க மாட்டினம் எண்டு. அது உண்மையோ? தம்பி அங்க போக நாங்கள் காணி ஈடு வச்சுத்தான் அனுப்பினது, அவனுக்கு ஒண்டும் வந்திடக் கூடாது. தயவுசெய்து தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.


ஆத்தங்கரையான்:

தங்கச்சி, மிச்சத்தைப் பிறகு வாசியுங்கோ, முதல்ல தம்பிக்கு ஒரு கோல் எடுத்து அந்த அலுமாரிக்குக் கிட்டவே போக வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. இப்பவே சொல்லுங்கோ. நான் காத்திருக்கிறன்.

நான் பென்சில்வேனியாவில 26 வருசம், நானும் வேட்டைக்குப் போறவன், லோயர் இல்லை, ஆனா இந்த வில்லங்கங்களை நேரில பாத்தனான். உங்கட கேள்விக்குள்ள ரெண்டு பிழை ஒண்டுக்குமேல ஒண்டு அடுக்கிக் கிடக்கு, தம்பியின்ர விசயம்தான் பெரிசு, அதை முதல்ல சொல்லுறன்.

அமெரிக்க மத்திய சட்டத்தில 18ஆம் தலைப்பு 922ஆம் பிரிவு எண்டு ஒண்டு இருக்கு, 1968இல வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில இருந்து வந்தது. அதில ஆரார் துவக்கு வச்சிருக்கவே கூடாது எண்டு ஒரு பட்டியல் போட்டிருக்கு. பெரிய குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஆக்கள், போதைப்பொருள் பாவிக்கிறவை, வீட்டில அடிதடி செய்து தீர்ப்பான ஆக்கள் எண்டு போய்க்கொண்டே இருக்கும். அதே பட்டியலில விசா இல்லாமல் இருக்கிற ஆக்களும் இருக்கினம், தற்காலிக விசாவில வந்த ஆக்களும் இருக்கினம். ஸ்டூடன்ட் விசா, விசிட் விசா, எச் வன் பி வேலை விசா எல்லாம் இதுக்குள்ளதான். கிரீன் கார்ட் இருந்தால் இந்தத் தடை இல்லை. தம்பிக்கு இருக்கிறது ஸ்டூடன்ட் விசா, அதால அவன் கிட்டப் போகக் கூடாத ஆள்.

இதில கன பேருக்கு விளங்காத இடம் எதெண்டால், சட்டம் "சொந்தமா வச்சிருக்கிறதை" மட்டும் சொல்லேல்ல. கையில வச்சிருந்தாலே போதும். அவன்ர துவக்கு இல்லை, பெரியம்மான்ரதான், அவன் சும்மா கொண்டுபோய்க் குடுக்கிறவன் எண்டெல்லாம் சொல்லித் தப்ப ஏலாது. டிக்கிக்க இருக்கு, கார் அவன் ஓடுறான், அப்ப அது அவன்ர கையில இருக்கிறதுதான். அந்த ரவைப் பெட்டி இருக்கெல்லே, துவக்கை விட்டிட்டு அதை மட்டும் கொண்டுபோனாலும் அதே குற்றம்தான், சட்டத்தில துவக்கு அல்லது ரவை எண்டுதான் இருக்கு. 2022இல சட்டத்தைத் திருத்தினாப் பிறகு இதுக்கு 15 வருசம் வரைக்கும் மறியல் போடலாம், முந்தி 10 வருசம். அதுக்கு மேல, துவக்குக் குற்றம் எண்டு தீர்ப்பு வந்தால் நாடுகடத்துறதுக்கு அதுவே காரணமாப் போதும். வேகத்துக்குப் பொலிஸ் மறிச்சு டிக்கியைத் திறந்தால் அதோட படிப்பும் போச்சு, நீங்கள் ஈடு வச்ச காணியும் போச்சு.

வேட்டை லைசென்ஸ் எடுத்தால் தற்காலிக விசாக்காரருக்கும் ஒரு விதிவிலக்கு இருக்கு எண்டு ஆராவது அவனுக்குச் சொல்லக்கூடும். இருக்கிறது உண்மை. அதை நம்பி, விக்கிறதுக்குக் கொண்டுபோற துவக்கோட அவனை ரோட்டில இறக்காதேங்கோ.


கந்தரோடை நிலா:

அண்ணா, வாசிச்ச உடன கோல் எடுத்திட்டன். இங்க பின்னேரம், அவனுக்கு விடியப்புறம், நித்திரையால எழுப்பித்தான் சொன்னனான். அவனுக்கு இது ஒண்டுமே தெரியாது, "அக்கா, என்னட்ட லைசென்ஸ் கேப்பினமோ எண்டுதான் யோசிச்சனான், விசாவை யோசிக்கேல்ல" எண்டான். போன கிழமை அலுமாரித் திறப்பை வச்சிருந்தவனும் அவன்தான், பெரியம்மாவுக்குப் படி இறங்கக் கஸ்ரம் எண்டபடியால். அதுவும் பிழையோ? எனக்குக் கை நடுங்குது.


ஆத்தங்கரையான்:

பயப்பிடாதேங்கோ, நல்ல காலம் முன்னமே கேட்டியள். திறப்பை இண்டைக்கே பெரியம்மான்ர கையில குடுக்கச் சொல்லுங்கோ, அவா அதைத் தன்ர கைப்பையிக்க வைக்கட்டும். துவக்கு இருக்கிற வீட்டில அவன் நிக்கிறதால குற்றம் வராது. ஆனா நினைச்ச நேரம் அவன் எடுக்கக்கூடிய மாதிரி இருந்தால், திறப்பு அவனிட்ட இருந்தால், அதையும் கையில இருக்கிறதாத்தான் கோட்டில கதைப்பினம்.

2019இல உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கு இருக்கு, ரெஹைஃப் வழக்கு எண்டு சொல்லுறது. ஐக்கிய அரபு இராச்சியத்தில இருந்து ஸ்டூடன்ட் விசாவில புளோரிடாவுக்கு வந்த பெடியன், யூனிவர்சிட்டியால நிப்பாட்டினாப் பிறகும் அங்கேயே நிண்டிட்டான், சுடப் பழகுற இடத்துக்குப் போய்ச் சுட்டவன். 18 மாசம் மறியல் போட்டவை. தனக்கு அந்த நிலைமை இருக்கெண்டு அவனுக்குத் தெரியும் எண்டதையும் அரசாங்கம் நிரூபிக்கோணும் எண்டு சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருப்பினது. உங்கட தம்பிக்கு அது உதவாது தங்கச்சி, தான் ஸ்டூடன்ட் விசாவில நிக்கிறது அவனுக்கு நல்லாத் தெரியுமெல்லே.

இனி ரெண்டாவது பிழை, ஸ்டேட் எல்லை. துவக்கு வியாபார லைசென்ஸ் இல்லாத சாதாரண ஆள் ஒருத்தர், வேற ஸ்டேட்டில குடியிருக்கிற லைசென்ஸ் இல்லாத இன்னொரு சாதாரண ஆளுக்குத் துவக்கு விக்கக் கூடாது. விக்க மட்டுமில்லை, சும்மா குடுக்கவும் கூடாது, மாத்தவும் கூடாது, கொண்டுபோய்ச் சேர்க்கவும் கூடாது. வாங்குற பக்கத்துக்கும் அப்பிடித்தான், வேற ஸ்டேட்டில வாங்கின துவக்கைத் தன்ர ஸ்டேட்டுக்குள்ள கொண்டு வரக் கூடாது. தெரிஞ்சுகொண்டு செய்தால் அஞ்சு வருசம் வரைக்கும் தண்டனை. அந்த ஐயா எவ்வளவு நல்ல மனுசனா இருந்தாலும், பெரியம்மா அமெரிக்க சிற்றிசனா இருந்தாலும், ஆரும் கார் ஓடிக் கொண்டுபோனாலும், இந்த விதி மாறாது.

வழி இருக்கு. அங்க மத்திய அரசாங்கத்தின்ர லைசென்ஸ் உள்ள துவக்குக் கடைகள் இருக்கு, எஃப் எஃப் எல் எண்டு சொல்லுவினம். ரெண்டு ஸ்டேட்டுக்கும் நடுவில அந்தக் கடை நிண்டால் எல்லாம் முறைதான்.


மயாமிக்காரன்:

நான் புளோரிடாவில 12 வருசம். ஆத்தங்கரை அண்ணை கொஞ்சம் கூடப் பயப்பிடுத்துறார் எண்டு நினைக்கிறன். நான் என்ர கண்ணால பாத்தனான், கன் ஷோ எண்டு துவக்குச் சந்தை வைப்பினம், அதில ஒருத்தர் மேசையில வச்சு விக்கிறார், மற்றவர் காசைக் குடுத்து வாங்கிக்கொண்டு போறார், ஒரு ஃபோமும் இல்லை. நானே கூட வேலை செய்யிற ஒருத்தரிட்ட ஒண்டு வாங்கினனான், கார் லைசென்ஸ் படத்தைக் காட்டச் சொன்னார், அவ்வளவுதான். எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. பிள்ளையின்ர விசா விசயம் சரி, அதில விளையாடக் கூடாது, ஆனா அந்தப் பெரியவர் ஆரோடயாவது வந்து தானே எடுத்துக்கொண்டு போகலாம்தானே?


ஆத்தங்கரையான்:

தம்பி, நீர் சொல்லுறது பொய் இல்லை, ஆனா அது ஒரே ஸ்டேட்டுக்குள்ள நடந்தது. அந்த ஆள் உம்மட்ட லைசென்ஸ் படம் ஏன் கேட்டவர் எண்டு யோசியும். நீரும் புளோரிடாக்காரன்தானோ எண்டு பாக்கத்தான்.

ஒரே ஸ்டேட்டில குடியிருக்கிற ரெண்டு சாதாரண ஆக்கள் தங்களுக்குள்ள வித்து வாங்கினால் மத்திய சட்டம் ஃபோமும் கேக்காது, பின்புலச் சோதனையும், அதாவது வாங்குறவர் தடைப்பட்டியலில இருக்கிறாரோ எண்டு பாக்கிறதும், கேக்காது. வாங்குறவர் தடைப்பட்டியலில இருக்கிறார் எண்டு தெரிஞ்சோ சந்தேகப்பட நியாயம் இருந்தோ குடுக்கக் கூடாது எண்டது மட்டும்தான். டெக்சஸ், ஜோர்ஜியா, ஒஹையோ, உம்மட புளோரிடா எல்லாம் அப்பிடித்தான் விட்டிருக்கு. கலிபோர்னியாவில 1991இல இருந்து கூட்டாளிக்கு வித்தாலும் கடை ஊடாத்தான், எடுக்கிறதுக்குப் பத்து நாள் காத்திருக்கோணும். நியூயோர்க்கிலயும் தனியார் விற்பனை எண்டாலும் சோதனை இருக்கு. எங்கட பென்சில்வேனியா ரெண்டுங்கெட்டான், சொட்கனை ஒரு ஸ்டேட்டுக்குள்ள கைமாத்தலாம், பிஸ்டல் எண்டால் கடை ஊடாவோ ஷெரிஃப் கந்தோர் ஊடாவோதான் மாத்தோணும், புருசன் பெண்சாதி, தாய் தகப்பன் பிள்ளை, பேரப்பிள்ளை இவைக்கு மட்டும் விதிவிலக்கு.

பெரியவர் தானே வந்து எடுத்தாலும் பிழைதான். எந்த இடத்தில கைமாறுது எண்டது கணக்கில்லை, ஆர் எங்க குடியிருக்கினம் எண்டதுதான் கணக்கு. அவர் நியூ ஜெர்சி ஆள். பெரியம்மான்ர வீட்டு வாசல்ல வச்சு வாங்கினாலும் அவர் நியூ ஜெர்சி ஆள்தான்.

கடையில எப்பிடி நடக்கும் எண்டு சொல்லுறன் கேளுங்கோ. நான் என்ர பழைய ரைபிளை மேரிலாந்தில இருக்கிற மச்சானுக்குக் குடுத்தனான், ரெண்டு வருசத்துக்கு முதல். முதல்ல கடைக்குக் கோல் எடுத்துக் கேட்டனான், சில கடைக்காரர் இந்த வேலை செய்ய மாட்டினம். ரவை கழட்டி, உறையில போட்டு, டிக்கியில வச்சுக் கொண்டுபோய், துவக்கைக் காரிலயே விட்டிட்டு உள்ள போய்ச் சொன்னனான், அது கடைக்காரருக்குக் குடுக்கிற மரியாதை. அவர் வந்து எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடிச்சு சீரியல் இலக்கத்தை ஒவ்வொரு எழுத்தா வாசிச்சு ஒரு கட்டிப் புத்தகத்தில எழுதினார், என்ர பேர், விலாசம், திகதி எல்லாம். எப்ப வந்தது, எங்க போனது எண்டு சட்டப்படி அவர் அதில பதியோணும். பிறகு அதை மேரிலாந்தில இருக்கிற லைசென்ஸ் கடைக்கு அனுப்பினார். மச்சான் அந்தக் கடைக்குப் போய் 4473 எண்டு ஒரு ஃபோம் இருக்கு, அதை நிரப்பினார், கடைக்காரர் அங்கேயே சோதனை போட்டார். 1993இல வந்த பிரேடிச் சட்டத்தால வந்தது அந்தச் சோதனை, 1998 நவம்பரில இருந்து கொம்பியூட்டரில உடன பாக்கினம். சரி எண்டு வந்தாப் பிறகுதான் கையில குடுத்தது. என்னட்ட 40 டொலர், மச்சானிட்ட 35, இடையில அனுப்பின செலவு வேற. அதுக்குப் பிறகு அந்த ரைபிளால என்ன நடந்தாலும் அது எப்ப என்ர கையை விட்டுப் போனது எண்டதுக்கு எழுத்தில சாட்சி இருக்கு.


தாவடி மருமகள்:

நான் நியூ ஜெர்சியில ஒரு லோயர் கந்தோரில வேலை செய்யிறனான், அங்க கூடப் பாக்கிறது உயில், சொத்து மாத்துற அலுவல்தான். ஆத்தங்கரை அண்ணா சொன்னது எல்லாம் சரி. வாங்கப் போற ஐயா நியூ ஜெர்சி எண்டபடியால் சிலது சேர்க்கோணும்.

நிலா தங்கச்சி, சொட்கனுக்கும் பிஸ்டலுக்கும் ஒரே சட்டம் இல்லை. நீளத் துவக்கை, அதாவது சொட்கன் ரைபிளை, லைசென்ஸ் கடைக்காரர் வேற ஸ்டேட் ஆளுக்கும் நேருக்கு நேர் விக்கலாம், ரெண்டு ஸ்டேட் சட்டமும் இடம் குடுத்தால். முந்தி எல்லை ஒட்டின ஸ்டேட்டுக்கு மட்டும்தான், 1986இல அதை எடுத்துவிட்டவை. பிஸ்டலுக்கு அந்த வசதி இல்லவே இல்லை. வாங்குறவற்ற சொந்த ஸ்டேட்டில இருக்கிற கடைக்கு அனுப்பி அங்கதான் அவர் எடுக்கலாம்.

நியூ ஜெர்சி இன்னும் இறுக்கம். சொட்கன் வாங்க துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை இருக்கோணும். பிஸ்டலுக்கு அந்த அட்டை காணாது, ஒவ்வொரு பிஸ்டலுக்கும் தனித்தனி அனுமதிப் பத்திரம் எடுக்கோணும். இன்னொண்டு, பிஸ்டலின்ர மகசின், அதாவது ரவை போடுற கூடு, எத்தினை ரவை கொள்ளும் எண்டு பாக்கச் சொல்லுங்கோ. 2018இல இருந்து இஞ்ச பத்துக்கு மேல கொள்ளுற மகசின் வச்சிருக்கவே கூடாது. பென்சில்வேனியாவில அப்பிடித் தடை இல்லை, அதால பெரியப்பா 15 கொள்ளுறது வாங்கியிருக்கலாம், அங்க அது பிழை இல்லை, டெலவெயார் ஆத்துப் பாலம் தாண்டி இஞ்சால வந்தால் பிழை.

இனி டெக்சஸ் அண்ணா. நீங்கள் கேக்கேல்ல, ஆனா அடுத்ததா "அப்ப மகனுக்கே குடுத்திடுவம்" எண்டுதான் பெரியம்மா சொல்லுவா, அதால இப்பவே சொல்லுறன். சட்டத்தில பரம்பரைச் சொத்துக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு. செத்த ஆளின்ர உயிலாலயோ, உயில் இல்லாட்டி வாரிசுரிமையாலயோ துவக்கு ஒருத்தருக்குப் போகுதெண்டால், அவர் வேற ஸ்டேட்டில இருந்தாலும், அங்க அவர் அதை வச்சிருக்கலாம் எண்டால், கடை இல்லாமலே நேரா வாங்கலாம். ஆனா உங்கட பெரியப்பா எல்லாத்தையும் பெரியம்மாவுக்கு எண்டு எழுதியிருக்கிறார். அப்ப அந்த விதிவிலக்கு பெரியம்மாவோட முடிஞ்சுது. அவா இனி மகனுக்குக் குடுத்தால் அது ஒரு உயிரோட இருக்கிற ஆள் வேற ஸ்டேட் ஆளுக்குக் குடுக்கிற அன்பளிப்பு. தாய் பிள்ளை எண்டாலும் மத்திய சட்டம் பாக்காது, கடை ஊடாத்தான். எங்கட சனம் கன பேர் பிழை விடுற இடம் இது, மகனுக்குத் தகப்பன்ர துவக்கு போறதில என்ன பிழை எண்டு நினைச்சு அப்பிடியே காரில ஏத்திவிடுகினம்.

பெரியம்மாவே டெக்சஸுக்குப் போய் இருக்கப் போறா எண்டபடியால் அவா தன்ர சாமானோட அதைக் கொண்டுபோகலாம், அது அவான்ர சொந்தத் துவக்கு. அங்க குடியேறினாப் பிறகு தாயும் மகனும் ஒரே ஸ்டேட், டெக்சஸில குடுக்கிறதுக்குத் தடை இல்லை. காரில போனால் ரவை கழட்டி, கைக்கெட்டாத இடத்தில, டிக்கியில வைக்கோணும், டிக்கி இல்லாத கார் எண்டால் பூட்டின பெட்டிக்க. டாஷ்போர்ட் தட்டு பூட்டினாலும் கணக்கில்லை. பிளேனில எண்டால் பூட்டின கட்டிப் பெட்டியில போட்டு, கவுண்டரில சொல்லி, லக்கேஜில போடோணும்.


கந்தரோடை நிலா:

அக்கா, அண்ணா, என்னெண்டு நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்ல. பெரியம்மாவோட ஒரு மணித்தியாலம் கதைச்சனான். அவா முதல்ல கோவிச்சிட்டா, "என்ர மனுசன்ர சாமானை நான் குடுக்க ஆரிட்டக் கேக்கோணும்" எண்டு, பிறகு தம்பியின்ர விசாக் கதையைச் சொன்ன உடன அழுதிட்டா, தான் பெடியனைக் கிணத்துக்கை தள்ளப் பாத்திட்டன் எண்டு.

இன்னொண்டு கேக்கோணும். நியூ ஜெர்சி ஐயாவுக்கும் விசயத்தைச் சொன்னவா. அவர் சொன்னாராம், பென்சில்வேனியாவில தனக்கு ஒரு மருமகன் இருக்கிறார், சிற்றிசன், ஒரு கரைச்சலும் இல்லாத ஆள், அவற்ற பேரில கடையில எழுதி வாங்கி, பிறகு அவர் தனக்கு முறையா அனுப்பலாம் எண்டு. அப்பிடிச் செய்தால் சுகம்தானே எண்டு பெரியம்மா கேக்கிறா.


தாவடி மருமகள்:

வேண்டாம் தங்கச்சி. இதே கதை, மாமன் மருமகன் ரெண்டு ஸ்டேட் எண்டதுவரைக்கும் இதே கதை, உச்ச நீதிமன்றத்தில தீர்ந்தது, 2014இல, ஏப்ரம்ஸ்கி வழக்கு. வேர்ஜினியாவில முந்திப் பொலிஸில இருந்த ஒருத்தர், பென்சில்வேனியாவில இருக்கிற தன்ர மாமாவுக்காகக் கடையில ஒரு குளொக் பிஸ்டல் வாங்கினவர். மாமா முன்னமே 400 டொலருக்குச் செக் அனுப்பிட்டார். வாங்கினதை மறைச்சுக் குடுக்கவும் இல்லை, பென்சில்வேனியாவில லைசென்ஸ் கடைக்குக் கொண்டுபோய், மாமாவுக்குச் சோதனையும் போட்டு முறையாத்தான் மாத்தினவர். ரெண்டு பேரும் துவக்கு வச்சிருக்கத் தகுதியான ஆக்கள். அப்பிடி இருந்தும் குற்றம் எண்டு நீதிபதிகள் அஞ்சுக்கு நாலு எண்டு தீர்ப்புச் சொன்னவை. ஏன் எண்டால் 4473 ஃபோமில நீர்தான் உண்மையா வாங்குற ஆளோ எண்டு ஒரு கேள்வி இருக்கு, அதுக்கு அவர் ஓம் எண்டு போட்டவர். அந்த ஓம்தான் பொய்.

அப்பிடி ஃபோமில பொய் சொன்னால் பத்து வருசம் வரைக்கும் போடலாம். 2022இல இன்னொரு சட்டமும் வந்திட்டுது, வாங்கக் கூடாத ஆளுக்காக இன்னொருத்தர் தன்ர பேரில வாங்கினால் 15 வருசம் வரைக்கும். அந்த மருமகனையும் இதுக்குள்ள இழுக்காதேங்கோ. ஐயா தன்ர பேரில, தன்ர ஊர்க் கடையில, தானே ஃபோம் நிரப்பி எடுக்கட்டும்.


பளையூர் ஐயா:

பிள்ளை நிலா, நான் இளைப்பாறின வாத்தியார், இஞ்சதான் இருக்கிறன், அமெரிக்கச் சட்டம் எனக்குத் தெரியாது. உம்மட பக்கத்து வீட்டுக்காரர் தேங்காய் மாதிரி எண்டு சொன்னதை வாசிச்சாப் பிறகுதான் எழுத வந்தனான்.

எங்கட அப்பாவுக்குப் பயிர்ப் பாதுகாப்புக்கு எண்டு ஒரு வேட்டைத் துவக்கு இருந்தது. இலங்கையில 1916ஆம் ஆண்டு 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் போட்டது, இண்டைக்கும் அதைத்தான் திருத்தித் திருத்திப் பாவிக்கினம். வருசா வருசம் லைசென்ஸ் புதுப்பிக்கோணும். அப்பா வேட்டியை மாத்திக்கொண்டு அந்த நாளில மட்டும் சைக்கிளை நல்லாத் துடைச்சுப்போட்டுக் கச்சேரிக்குப் போவார், லைசென்ஸ் கடதாசியை எண்ணெய்த் துணி மாதிரி ஒண்டில சுத்தித் துவக்கோட சேர்த்தே வச்சிருப்பார். அவர் செத்து எட்டு முடியேல்ல, அம்மா சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் அதைப் பொலிசில ஒப்படைச்சுத் துண்டு வாங்கிக்கொண்டு வந்திட்டா. லைசென்ஸ் அப்பான்ர பேரில, அப்பா இல்லை, அப்ப துவக்கு வீட்டில இருக்கப்படாது எண்டது அவாவுக்கு விளங்கினது. எங்களுக்கு அப்ப அது மனவருத்தம், தகப்பன்ர சாமானைக் குடுத்திட்டாவே எண்டு. பிறகு வந்த காலத்தில சோதனைக்கு வந்து வீட்டைக் கிண்டின நேரம் அந்தத் துண்டுதான் எங்களைக் காப்பாத்தினது. நான் அதை இப்பவும் வச்சிருக்கிறன், மடிப்பில கிழிஞ்சு போச்சு, முத்திரை மட்டும் தெரியுது.

உம்மட தம்பிக்கும் சொல்லும், துவக்கு கைமாறேக்க ஒரு துண்டு வாங்காமல் ஒருத்தரும் வீட்டுக்கு வரப்படாது.


ஆத்தங்கரையான்:

ஐயா சொன்னது பொன்னான கதை. நிலா, இன்னும் ஒண்டு விட்டிட்டன். பெரியம்மா கடைக்குக் கோல் எடுக்கேக்க மூண்டு விசயம் கேக்கட்டும். நியூ ஜெர்சிக் கடைக்கு அனுப்புவியளோ, எவ்வளவு எடுப்பியள், பிஸ்டலை நீங்களே விலைக்கு எடுப்பியளோ. கடைக்கு விக்கிறது எண்டால் இந்த ஸ்டேட் கரைச்சலே இல்லை, அவை லைசென்ஸ் உள்ள ஆக்கள். கொஞ்சம் விலை குறைச்சுத்தான் குடுப்பினம், பரவாயில்லை. தபாலில தாங்களே அனுப்பப் பாக்க வேண்டாம், பெரிய பார்சல் கொம்பனிகள் சாதாரண ஆக்களிட்ட இருந்து துவக்கு எடுக்கிறேல்ல. அந்த ரெண்டு பெட்டி ரவையையும் மறக்க வேண்டாம், கராஜில கிடக்கட்டும் எண்டு விட்டிட்டு, வீடு காலி பண்ணுற அண்டைக்குத் தம்பிதான் தூக்குவான், அதுவும் பிழைதான்.


கந்தரோடை நிலா:

எல்லாருக்கும் ஒருக்காச் சொல்லிவிடுவம் எண்டு வந்தனான்.

பெரியம்மா பக்கத்து ரவுனில இருக்கிற கடைக்குக் கோல் எடுத்தவா. கடைக்காரர் வயசான ஆளாம், பெரியப்பான்ர பேரைச் சொன்ன உடன ஞாபகம் வந்து, அந்தச் சொட்கன் தன்னட்டத்தான் வாங்கினவர் எண்டு சொல்லியிருக்கிறார். நியூ ஜெர்சி ஆளுக்குத் தான் மேசையில வச்சுக் குடுக்கிறேல்லையாம், அவற்ற ஊர்க் கடையின்ர பேரைத் தந்தால் அங்க அனுப்பிவிடுறன் எண்டிருக்கிறார். ஐயாவிட்ட அடையாள அட்டை இருக்கு, பிஸ்டலுக்குப் பத்திரம் இல்லை, மகசினும் தாவடி அக்கா சொன்ன மாதிரியே 15 கொள்ளுறது. அதால பிஸ்டலையும் ரவையையும் கடைக்காரரே எடுக்கிறார், 220 டொலர் சொன்னவராம். ஐயாவுக்குச் சொட்கன் மட்டும், 300 டொலர், அவருக்கும் அதுதான் ஆசை, ரெண்டு பேரும் ஒண்டாப் போன காட்டில அதைத்தான் பெரியப்பா தோளில வச்சிருந்தவராம்.

பெரியப்பாவை முதன்முதல் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போன வெள்ளைக்காரர் ரெண்டு வீடு தள்ளி இருக்கிறார், இப்ப 80 வயசு. வாற சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் வந்து அலுமாரியைத் திறந்து எடுத்துக்கொண்டு, தன்ர காரிலயே பெரியம்மாவையும் ஏத்திக்கொண்டு கடைக்குப் போறார். துண்டு வாங்கோணும் எண்டு பெரியம்மா பளையூர் ஐயா சொன்னதை ஒரு கடதாசியில எழுதிக் கைப்பையிக்க வச்சிருக்கிறா, திறப்போட. செம்மஞ்சள் ஜக்கெட்டைத் தான் குடுக்க மாட்டன் எண்டு சொல்லிட்டா, அது டெக்சஸுக்குப் போகுது.

தம்பி அந்த நேரம் மேல் அறையில புத்தகப் பெட்டி கட்டிக்கொண்டு இருப்பான். கீழ இறங்க வேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறன்.